ஹார்மோன் சுரக்கும் குடல் கட்டிகள்: அந்தமானில் நோயாளிக்கு முன் மாதிரி பயணிக்கட்டும்

ஸ்ரீ விஜயபுரம்: தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் அறிவித்தபோதுதான் இந்தியர்கள் பலர் அந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டனர். 2020 ஏப்ரல் 29-ல் அவர் மறைந்ததும் அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. மருத்துவ வசதிக்குக் கடல் கடக்க வேண்டியுள்ள அந்தமான் நிகோபார் தீவுகளில் இந்த நோய் தனிக் கவனத்துக்குரியது.

நரம்பணு, நாளமில்லாச் சுரப்பி ஆகிய இரண்டின் இயல்பும் கொண்ட செல்களில் தோன்றும் இக்கட்டிகள் சிறுகுடலின் கடைப்பகுதி, குடல்வால், மலக்குடல் ஆகியவற்றில் காணப்படுகின்றன. பெரும்பாலும் மெதுவாகவே வளர்கின்றன. சிறுகுடல் கட்டி செரோடோனினைச் சுரந்தாலும் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும். எனவே கட்டி கல்லீரலுக்குப் பரவிய பிறகே பெரும்பாலும் முகம் திடீரெனச் சிவத்தல், ஓயாத வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு ஆகியவை தலைகாட்டுகின்றன. அப்போதும் ஒவ்வாமை, ஆஸ்துமா, குடல் எரிச்சல் நோய் என்று ஆண்டுக்கணக்கில் மருந்து தரப்படுவதுண்டு. நாள்பட்டால் இதயத்தின் வலப்பக்க வால்வுகளும் பழுதடையும்.

கேம்பல் பேவில் வசிப்பவர் தலைநகரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையை அடையவே கப்பலையோ ஹெலிகாப்டரையோ நம்ப வேண்டும். அங்கிருந்து சென்னைக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேலான விமானப் பயணம். கட்டி பரவிய இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் காலியம்-68 தனிமத்தின் கதிரியக்கம் 68 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். சென்னையில் தயாரித்து விமானத்தில் அனுப்பினால் வழியிலேயே பெரும்பகுதி வீணாகும். லுட்டீசியம்-177 சிகிச்சையோ வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு தவணை. தீவுவாசிக்கு அது நான்கு கடல் பயணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் சேர்த்து.

ஆனால் முதற்கட்டச் சோதனைக்கு நோயாளி கடல் கடக்க வேண்டியதில்லை. 24 மணி நேரம் சேகரித்த சிறுநீரில் செரோடோனின் சிதைவுப் பொருளை அளப்பதே அச்சோதனை. முறைப்படி பதப்படுத்திய மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முன்னதாக இரண்டு, மூன்று நாட்கள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தீவு உணவில் இவை சாதாரணம் என்பதால் இதைச் சொல்லாமல் விட்டால் முடிவு பிழையாகும். குடல்வால் அறுவை சிகிச்சையில் அகற்றிய திசுவையும் இப்படியே நோயியல் ஆய்வுக்கு அனுப்பலாம். எதிர்பாராமல் கட்டி பிடிபடுவது பல நேரம் அங்கேதான்.

மலக்குடல் கட்டிகள் மட்டும் இதற்கு விலக்கு. அவை செரோடோனினைச் சுரப்பது அரிது. சிறுநீர் முடிவு சரியாக இருந்தாலும் கட்டி இல்லை என்று கொள்ள முடியாது. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவுகட்டாமல் குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியை, ஆழமாக ஊடுருவாத நிலையில், உள்நோக்கி வழியாகவே அகற்றிவிடலாம்.