தாயும் ஆனவள்

பிள்ளை பெற்ற பெண்ணிடம் சொல்லப்படும் வார்த்தைகளிலேயே மிகவும் அன்பானதும், அந்த அன்பினாலேயே மிகவும் ஆபத்தானதும் இதுதான்: "அதெல்லாம் ஒரு பருவம் கண்ணு, முடிஞ்சு போச்சு. இனிமே எல்லாம் புள்ளதான்." இதைச் சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். பத்தியக் குழம்பு வைத்துத் தருபவர்கள். இரவெல்லாம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நம்மைத் தூங்கவிட்டவர்கள். இப்போது இதே வார்த்தை மனநல ஆலோசனையாகவும் தாய்மைப் பயிற்சி வகுப்பாகவும் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது. பழைய வாழ்க்கையை நன்றியோடு வழியனுப்பிவிட்டுத் தாய்மையை அணைத்துக்கொள்ள வேண்டுமாம். துன்பமெல்லாம் விட மறுப்பதால்தான் வருகிறதாம்.

நான் இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். 'விட்டாள்' என்பது தன்வினை. 'விடவைத்தார்கள்' என்பது பிறவினை. நம் வீடுகளில் நடப்பது பிறவினை, ஊருக்குச் சொல்லப்படுவது தன்வினை. அவள் படிப்பை விட்டாள், பாட்டை விட்டாள், எழுதுவதை விட்டாள் என்கிறோம். வாக்கியத்தில் எழுவாயாக அவள் மட்டும் நிற்கிறாள். விடவைத்த மற்றவர்கள் தோன்றா எழுவாயாகக் கூட இல்லை.

பருவம் என்றுதானே சொல்கிறார்கள், பருவக் கணக்கையே பார்ப்போம். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு வைத்தார்கள் நம் புலவர்கள். வழக்கமாகச் சொல்லும் வயதுக்கணக்கில் பேரிளம்பெண் நாற்பதோடு முடிந்துவிடுகிறாள். (நான் கணக்கைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இலக்கணத்தில் பெயர் இல்லை.) இந்த ஏழில் தாய் என்று ஒரு பருவம் கிடையாது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வரும்போது அவனைப் பார்த்து மயங்குவதற்காக வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் இவர்கள். மயங்குவதற்கு உதவாத பெண்ணுக்குப் பருவம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். பிள்ளைத்தமிழில் குழந்தைக்குப் பத்துப் பருவம் உண்டு. காப்பிலிருந்து தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி என்று பிள்ளையின் ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவளுக்கு அங்கேயும் ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று வகுப்பில் நாம் யாரைச் சொல்கிறோம்? பெரியாழ்வாரை. யசோதையாகத் தன்னைப் பாவித்துக் கண்ணனைத் தொட்டிலிட்டார், நீராட்டினார், பூச்சூட்ட அழைத்தார். குலசேகர ஆழ்வார் இன்னும் ஒரு படி மேலே போனார். பிள்ளையை வளர்க்கும் பேறு வாய்க்காத தேவகியின் புலம்பலைத் தன் குரலாக்கினார். பெருமாள் திருமொழியில் திருவரங்கத்தைப் பாடிய அதே வாய்தான், கோசலையாகித் தாலாட்டும் பாடியது. அவை பெரிய கவிதைகள். பாடம் நடத்தும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாயின் குரலை எடுத்துக்கொண்டதற்காக இவர்களில் யாரும் எதையும் கழற்றி வைக்கவில்லை. பெரியாழ்வார் பெரியாழ்வாராகவே இருந்தார். ஆண் கவிஞனுக்குத் தாய்மை ஒரு பாவம். வேண்டும்போது ஏற்கலாம், பதிகம் முடிந்ததும் இறக்கலாம். பெண் கவிஞர் பால்கட்டிய மார்பைப் பற்றி நான்கு வரி எழுதினால் அது 'சொந்த அனுபவம்' ஆகிவிடுகிறது. கவியரங்க மேடையில் ஆண் கவிஞரை அவர் புத்தகங்களின் பெயர் சொல்லி அழைப்பார்கள். நம்மை "இரண்டு குழந்தைகளின் தாய், இருந்தும் எழுதுகிறார்" என்று அழைப்பார்கள். அந்த 'இருந்தும்' எத்தனை மேடையில் என் காதில் விழுந்திருக்கிறது!

திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்ல மலைக்கோட்டையைவிட நல்ல இடம் இல்லை. இரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. உதவிக்கு வர வேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். சிவனே அவள் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான், வெள்ளம் வடியும்வரை உடனிருந்தான். அதனால் தாயுமானவர். அந்தப் பெயரில் இருக்கும் 'உம்'மைப் பாருங்கள். இலக்கணத்தில் அதற்கு எச்சவும்மை என்று பெயர். சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் தழுவிக்கொண்டு நிற்கும். முன்பே அவன் தந்தை, கூத்தன், சுடலையாடி. இப்போது தாயும். ஒன்றும் போகவில்லை, ஒன்று கூடியது. கடவுளுக்கு நாம் கொடுத்த இந்த ஓர் இடைச்சொல்தான் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அவளுக்குக் கிடைப்பது பிரிநிலை ஏகாரம். தாயே, தாய் மட்டுமே, மற்றதிலிருந்து பிரிக்கப்பட்ட தாய்.

அந்தச் சாமியின் பெயரைத் தாங்கிய புலவரும் ஒருவர் நமக்கு இருக்கிறார். திருச்சியில் அரசுப் பணி செய்த தாயுமானவர். மணம் செய்தார், மகன் பிறந்தான், மனைவி இறந்தார், மகனை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டுத் துறவு பூண்டார் என்பது அவர் வரலாறாகச் சொல்லப்படுவது. அவர் பாடல்களின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தாயில்லாப் பிள்ளையை விட்டுப் போனதை நாம் ஞானம் என்கிறோம் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். ஒரு பெண் அப்படிப் போயிருந்தால் அவளுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ் இலக்கியம் 'தாய்' என்று பொருள்படும் பெயரால் கொண்டாடும் இரண்டு பெண்களும், ஔவையும் காரைக்கால் அம்மையும், பிள்ளை பெற்றதாகக் கதை இல்லை. இரண்டு பேருமே இளமையைக் கழற்றிப் போட்டவர்கள் என்பதும் உண்மை. அவர்களாகக் கேட்டுப் போட்டார்கள். அது தன்வினை.

இனி உப்பிலியபுரத்துக்கு வருகிறேன். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் உள்ள எங்கள் பக்கத்து வயல்களில் நாற்று நடுகிற, களை எடுக்கிற, சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கிற பெண்களில் கைப்பிள்ளைக்காரிகள் எப்போதும் உண்டு. வேப்பமரத்தில் சேலைத் தூளி கட்டிவிட்டு வேலைக்கு இறங்குவார்கள். அவர்களிடம் யாராவது "நீ இப்போ ஒரு தாய், வேலை செய்ததெல்லாம் போன பருவம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கூலி வேலையை விடச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் எடுப்பதை, மாடு கட்டுவதை, பத்துப் பேருக்குச் சோறாக்குவதை விடச் சொல்ல மாட்டார்கள். அவற்றுக்கெல்லாம் பருவமே கிடையாது. அவள் விட வேண்டியவை வேறு. பள்ளிக்கூடத்துச் சிநேகிதியோடு போனில் பேசுவது. சைக்கிள். திருவிழாவில் கும்மி. அரசுத் தேர்வுக்கு வாங்கிய புத்தகம். தாய்மை கேட்கும் பலிகளை எழுதி வைத்துப் பாருங்கள், அதில் மற்றவர்களுக்குப் பயன்படும் எதுவும் இருக்காது. அவளுக்கென்று இருந்தது மட்டுமே இருக்கும். இதைத் தாய்மையின் இயல்பு என்று எப்படி நம்புவது? பாலுக்கு அழும் பிள்ளைக்குத் தன் அம்மா நாற்று நடுகிறாளா கவிதை எழுதுகிறாளா என்று வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர்கள் பெரியவர்கள்தான்.

இதே மாவட்டத்தின் இன்னொரு கோடியில் துவரங்குறிச்சி. அங்கே பூப்பெய்தியதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள் வைக்கப்பட்டு, பிறகு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட ஒரு பெண், இரவில் குளியலறைக்குள் நின்று எழுதினார். கணவர் வீட்டுக்குத் தெரியாமல் அந்தத் தாள்களை வெளியே கொண்டு சேர்த்தவர் அவருடைய அம்மா. சல்மா என்ற புனைபெயரில் அவை அச்சேறின. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்', பின்னர் 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. பேரூராட்சித் தலைவரானார், 2013இல் கிம் லாங்கினாட்டோ அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார், 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். இந்தக் கதையைச் சாதனைப் பெண் கதையாகச் சொல்வது எனக்கு அலுத்துவிட்டது. நான் பார்ப்பது வேறு. மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டே அவர் எதையும் 'வழியனுப்பவில்லை'. ஒளித்து வைத்தார். ஒளித்து வைக்க உதவியது இன்னொரு தாய். பழைய பருவத்தை விடாமலிருக்க ஒரு பெண்ணுக்குத் தேவைப்பட்டது மனப்பயிற்சி அல்ல, பூட்டும் தாழ்ப்பாளும், தாள்களைக் கடத்திக்கொண்டு போக ஓர் ஆளும். எல்லோருக்கும் அப்படி ஆள் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காமல் போன சல்மாக்களின் தொகுப்பு எந்த நூலகத்திலும் இல்லை.

"பெரியார் அன்றைக்கே சொன்னாரே, பிள்ளை பெறுவதையே பெண்கள் நிறுத்த வேண்டும் என்று" எனத் தோழர்கள் சொல்வார்கள். சொன்னார். பெண்ணின் விடுதலைக்குப் பிள்ளைப்பேறு தடையென்றால் அது ஒழியட்டும் என்று சொல்லும் துணிச்சல் அந்தக் காலத்தில் வேறு யாருக்கு இருந்தது? அந்தக் கோபத்தின் நிழலில்தான் நான் படித்தேன். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த என் தோழிகளை 'மலடி' என்ற சொல்லால் அடிக்கும் ஊரில் அந்தக் குரல் இன்றும் வேண்டும். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பிள்ளையை விட்டால் தன்னை வைத்துக்கொள்ளலாம், தன்னை விட்டால் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் பெண்ணிடமே விடச் சொல்லிக் கேட்டால், கேட்கப்படாமல் நடுவில் ஒருவர் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்.

அவரைச் சட்டமும் கேட்பதில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 12 வாரம் கொடுத்தது. 2017இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு அது 26 வாரம் ஆயிற்று. தமிழக அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு. இதெல்லாம் போராடிப் பெற்றவை, ஒரு நாளைக்கூட நான் குறைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மத்தியச் சட்டத்தில் தந்தைக்கு ஒரு நாள் விடுப்புக்கூட இல்லை. மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு விதிகளில் 15 நாள் உண்டு. தாய்க்கு ஆறு மாதம், தந்தைக்குப் பதினைந்து நாள் என்று எழுதும்போதே பிள்ளை யாருடையது என்பதையும் எழுதிவிடுகிறோம். வயலில் இருப்பவளுக்கு விடுப்பு ஏது? முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித்தொகை 18,000 ரூபாய், அதுவும் தவணையில். 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், ஐந்து சிறுபிள்ளைகள் வேலை இடத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்திக் கூலி கொடுக்கச் சொன்னது. நல்ல விதி. அந்த ஒருவரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

சமயபுரத்தில் பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்புத் தொட்டில் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரும்பில் சேலைத் தூளி, உள்ளே குழந்தை. முன்கோடி ஒருவர் தோளில், பின்கோடி இன்னொருவர் தோளில், கணவனும் மனைவியுமாகக் கோயிலைச் சுற்றி வருவார்கள். ஆத்தாளுக்கு முன்னால் பாரம் சரிபாதி. இருவர் தூக்கினால்தான் தொட்டில் என்று நேர்த்திக்கடனுக்குத் தெரிந்திருக்கிறது. கோயில் வாசலைத் தாண்டிய பிறகு அந்த இன்னொரு தோள் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. பேருந்தில் பாருங்கள், பிள்ளை எந்த மடியில் இருக்கிறது என்று.

"பிள்ளை வந்தால் பெண் மாறத்தானே செய்வாள்?" என்று கேட்கலாம். மாறுவாள். பழைய சில ஆசைகள் தாமாக உதிரும், உதிர்ந்தது தெரியாமலேகூட. சில பெண்கள் வேலையை விட்டுப் பிள்ளையோடு இருப்பதை மனதார விரும்புகிறார்கள், அவர்களிடம் சண்டைக்குப் போவதற்கு நான் இதை எழுதவில்லை. உதிர்வதும் வெட்டுவதும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன். நேர்முகத் தேர்வு ஒன்றில் என்னைக் கேட்டார்கள்: "கைக்குழந்தை இருக்கே, யார் பார்த்துப்பாங்க?" அதே வாரம் வேறொரு நேர்முகத்துக்குப் போய்வந்த என் கணவரிடம் சங்க இலக்கியத்தில் கேள்வி கேட்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே பிள்ளைதான்.

போன ஆண்டு முதுகலை முடித்த மாணவி ஒருத்தி, உப்பிலியபுரம் பக்கத்துப் பெண், இடுப்பில் எட்டு மாதப் பிள்ளையோடு ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் வாங்க வந்தாள். ஆராய்ச்சி செய்யும் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் இரண்டாண்டு கூடுதல் அவகாசமும் 2016இலேயே பல்கலைக்கழக மானியக் குழு விதியில் வந்தது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. வீட்டில், "அதான் எம்.ஏ. முடிச்சாச்சே, இன்னும் என்ன" என்கிறார்களாம். தலைப்பு யோசித்திருக்கிறாயா என்று கேட்டேன். பச்சைமலை அடிவாரத்துப் பெண்கள் வயலோரத் தூளியில் பாடும் தாலாட்டு என்றாள். பேரன் பேத்தி எடுத்த கிழவிகள் பாடியதைத் தன் போனில் பதிவு செய்து வைத்திருந்தாள், நாற்பதுக்கு மேல் இருக்கும். அதில் பாதிப் பாட்டில் பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லை மேடம் என்று தயங்கினாள். எல்லாம் தாய்மாமன் என்ன சீர் கொண்டுவந்தான், எந்தக் கிணற்றடியில் விளையாடினேன், என்னை எந்தக் காட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்றுதான் போகிறது, இதைத் தாலாட்டு என்று சொல்லலாமா என்று கேட்டாள்.

சொல்லலாம் என்றேன். நெறியாளர் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவள் எழுதி முடிக்கும்வரை பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன். கனமான பிள்ளை.