ஒழுகும் தளமும் நம் நாணயமும்



ஐப்பசி பிறந்தால் தீபாவளி வியாபாரத்தோடு மழையும் வந்துவிடுகிறது. பழைய கட்டடங்களில் கடை வைத்திருப்போர் சர்க்கரை மூட்டைக்குத் தார்ப்பாய் போடுவதும், ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதுமாக இருக்கிறோம். மழை விட்ட ஒரு பகலில் ஒரு டின் வாட்டர் புரூஃப் பூச்சு வாங்கி வந்து மாடியில் அடித்துவிட்டு நிம்மதி அடைகிறோம். அடுத்த மழையில் அது தோல் உரிந்தாற்போல் எழும்பி வருகிறது. "டின் சரக்கு மோசம்" என்று குறை சொல்கிறோம். பல இடங்களில் மோசம் போனது சரக்கு அல்ல, நம் அவசரம் என்பதே நமது கருத்து.

அக்ரிலிக், பாலியூரிதேன், சிமெண்ட் கலந்து அடிப்பது எனத் திரவப் பூச்சுகள் பல வகை. எதுவானாலும் சுத்தமான தளத்தில்தான் நன்றாகப் பிடிக்கும்; அக்ரிலிக், பாலியூரிதேன் பூச்சுகளுக்குத் தளம் காய்ந்தும் இருக்க வேண்டும். நம் பழைய மாடிகள் பலவற்றில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துத் தளம் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஜல்லி குடித்த நீர் உள்ளேயே நிற்கும். அதை மூடிப் பூச்சு அடித்தால், வெயில் ஏறியதும் ஆவி கிளம்பிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஆகவே இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனியே தவிர ஐப்பசி அல்ல.

பூச்சு என்பது கடைசி வேலை. முதலில் மழைநீர்க் குழாய் அடைப்பை நீக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் கொத்தனாரைக் கொண்டு வாட்டம் சரிசெய்ய வேண்டும். பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். விரிசல்களையும், கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலைகளையும் அடைத்து, வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். அதன்பின் ஒரு கோட் நெடுக்காகவும், அது காய்ந்தபின் மறு கோட் குறுக்காகவும் அடிக்கலாம். கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும் தளத்துக்கு இது மருந்தல்ல. அங்கே பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

இதில் நம் கைமுதல் மட்டுமா அடங்கியிருக்கிறது? நமது சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை ஏலம் நடப்பதை அனைவரும் அறிவோம். விவசாயி காயவைத்துக் கொண்டுவந்த கடலை நம் கிடங்கில் நனைந்தால் பூஞ்சை பிடிக்கிறது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. 1960-இல் இங்கிலாந்தில் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்ட பிறகே உலகம் இதை அறிந்தது. நஞ்சு ஏறிய கடலையை வெயிலில் உலர்த்தினாலும் நஞ்சு போகாது. வறுத்தாலும் முழுதாக நீங்காது. நாமும் ஒரு மழையில் பருப்பு மூட்டைகளை நனையவிட்டு, காயவைத்து விற்றுவிடலாமா என்று யோசித்தவர்கள்தாம். நனைந்து பூஞ்சை கண்ட மூட்டையை நல்ல மூட்டையோடு கலப்பவர் தம் பெயரையே கலந்து விற்கிறார்.

செலவு யாருடையது என்ற தகராறிலேயே பல மாடிகள் ஒழுகுகின்றன. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகளை உரிமையாளர் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் பழைய வாடகையே கொடுத்துவிட்டுப் புதுத் தளம் கேட்பதும் நியாயமாகாது. மாடியை உரிமையாளர் சீர்செய்யட்டும். குழாயில் சருகு அடையாமல் பார்ப்பதை நாம் ஏற்போம். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

வரும் மாசியில் ஒவ்வொருவரும் ஒருமுறை தம் மாடி ஏறிப் பார்க்க வேண்டுகிறோம். கல்லாவில் உட்கார்ந்தபடி மேலே அண்ணாந்து பார்த்தால் தெரிவது ஒழுகல் மட்டுமே. அதன் காரணம் மாடியில் இருக்கிறது.