உப்புக்கண்டத்துக்கும் பந்தியில் இடம் வேண்டும்



நம்ம இயக்கம் நடத்துகிற மரபு உணவுத் திருவிழாக்களில் வரகுப் பொங்கல் இருக்கு, கம்பங்கூழ் இருக்கு, கருப்புக்கவுனிப் பாயசம் இருக்கு. சில ஊர்களில் நாட்டுக்கோழிக் குழம்பும் நண்டு ரசமும்கூட வைக்கிறோம். விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் மாட்டு உப்புக்கண்டத்தை மட்டும் எந்தப் பந்தியிலும் நான் பார்த்ததில்லை. யாரும் மறந்துபோய் விட்டுவிடவில்லை. ‘அது வேண்டாங்க, பிரச்சினை வரும்’ என்று கூட்டத்திலேயே சொல்லித்தான் விடுகிறோம்.

உப்புக்கண்டம் என்றால் என்னவென்று தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சொல்கிறேன். எலும்பில்லாத கறியை நீளநீளமாகக் கீறி, உப்பும் மஞ்சளும் பிசிறி, கயிற்றில் கோத்து, காக்கா கொத்தாமல் காவல் இருந்து, நல்ல வெயிலில் நாள்கணக்கில் காயப்போடுவார்கள். சுள்ளியாகக் காய்ந்ததைப் பானையில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வேலை இல்லாத மழைக்காலத்தில் ரெண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பொரித்தால் கூழுக்குப் போதும். கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பும் வைப்பார்கள். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில், ஒரே நாளில் நிறையக் கிடைத்த கறியை வருசம் முழுக்க வைத்துக்கொள்ள ஏழை கண்ட வழி இது. மரபு அறிவு என்று நாம் பேசுவதெல்லாம் இதுதானே?

உலகம் முழுக்க இதே கதைதான். அமெரிக்காவில் கார்ன்ட் பீஃப் என்றொரு பண்டம் பேர் போனது. மாட்டின் நெஞ்சுக்கறியை உப்புநீரிலும் மசாலாவிலும் நாள்கணக்கில் ஊறவைத்து, மெதுவாக வேகவைத்தது. பீங்கானுக்குப் பேர்போன நம்ம ஊர் வீடுகளில் ஜாடிக்குள் மாங்காய் ஊறுவது மாதிரி அங்கே கறி ஊறும். நெஞ்சுக்கறி நார் நாராக இருக்கும், சீக்கிரம் வேகாது. அதனால் அந்தக் காலத்தில் விலை குறைவு. அயர்லாந்து விவசாயி மாடு வளர்த்தான். கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட கறி கப்பல் கப்பலாகப் போனது. வளர்த்தவன் பெரும்பாலும் உருளைக்கிழங்கைத்தான் தின்றான். பஞ்சம் பிழைக்க நியூயார்க் போன பிறகுதான் யூதர்களின் கறிக்கடையில் அந்த நெஞ்சுக்கறியை வாங்கித் தின்ன அவனுக்குக் கட்டுப்படியானது. இன்றைக்கு அது அவர்களுடைய திருநாள் சாப்பாடு. அங்கே அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இங்கே உப்புக்கண்டத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு பொரிக்க வைத்திருக்கிறோம்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அரசு செய்ததை நாம் கண்டித்தோம். நம்ம திருவிழாவிலும் அதேதான் நடக்கிறது.

‘மாடு நமக்குத் தெய்வம், சாணியும் கோமியமும் இல்லாமல் இயற்கை விவசாயம் ஏது?’ என்று கேட்பார்கள். சரிதான். ஆனால் மாட்டின் கணக்கை முழுசாகப் போடுவோம். நாட்டுப்பசு ஈனும் கன்றில் பாதி காளைக்கன்று. டிராக்டர் வந்தபின் ஏருக்கும் வண்டிக்கும் காளை தேவைப்படுவது குறைந்துவிட்டது. வயசான காளைக்கு வைக்கோலும் தவிடும் யார் போடுவது? அதை விற்ற காசில்தான் சின்ன விவசாயி அடுத்த கன்றைப் பிடிக்கிறார். அந்த வழியை அடைத்தால் அவர் நாட்டுமாட்டை விட்டுவிடுவார். 2012க்கும் 2019க்கும் இடையே நாட்டில் ஆண் மாடுகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிட்டன என்று கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. டிராக்டர் ஒரு காரணம். விற்கப் பயப்படுவதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

2017 மே 23 அன்று ஒன்றிய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. சந்தையில் மாடு விற்பவர், இது அறுப்புக்கு இல்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றது. ஒரே வாரத்தில் மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் தடை போட்டது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. தமிழ்நாட்டில் 1958ஆம் வருசத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று வாங்கி அறுக்கலாம். பசுவையும் கிடேரியையும் அறுக்க 1976 அரசாணை தடை போட்டிருக்கிறது. இதற்கு மேல் நம்ம மேடைகளில் ‘அடிமாட்டுக்கு விற்பவன் உழவனே இல்லை’ என்று பேசுவது யாருக்கு உதவும்? விற்கிறவரையும் வாங்கித் தின்கிறவரையும் குற்றவாளி ஆக்கத்தான் உதவும்.

மாட்டுக்கறியால் பூமி சூடாகிறது என்பதும் ஒரு வாதம். மக்காச்சோளமும் சோயாவும் போட்டுக் கொட்டடியில் கொழுக்க வைக்கும் மாட்டுக்கு அது பொருந்தும். பத்து வருசம் உழுது, வண்டி இழுத்து, வைக்கோல் தின்று, எரு கொடுத்த காளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அதன் எலும்புத்தூளையும் நாம் மணிச்சத்துக்காக நிலத்தில் போடுகிறோம். எலும்பு வேண்டும், கறி தீட்டு என்றால் எப்படிங்க?

மாடுகளை லாரியில் மூச்சுமுட்டத் திணித்துக் கொண்டுபோவது கொடுமை. அதை எதிர்க்கத்தான் வேண்டும். பக்கத்திலேயே சுத்தமான, மருத்துவர் பார்த்துச் சான்று தரும் அறுப்புக்கூடம் இருந்தால் மாடு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இதைக் கேட்டு நாம் மனுக் கொடுக்கலாம்.

ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத மாட்டுக்கறிதான் கூலிவேலை செய்யும் நம்ம மக்களுக்குப் புரதம். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கிறவரும், செத்த மாட்டைத் தூக்கச் சொல்லி ஊர் கூப்பிடுகிறவரும், உப்புக்கண்டம் காயப்போடுகிறவரும் பல வீடுகளில் ஒரே ஆள்தான். அவர் நம்ம நாற்றை நடுகிறார், களை எடுக்கிறார். நம்ம இயக்கத்தில் உறுப்பினராகவும் இருக்கிறார். அவர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் நம்ம பந்தியில் இடமில்லை.

வேண்டாதவர்களை யாரும் தின்னச் சொல்லவில்லை. அடுத்த உணவுத் திருவிழாவில் உப்புக்கண்டத்துக்கும் ஒரு கடை போடுவோம். செய்யத் தெரிந்த அம்மாக்களைக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குத் தருகிற அதே மரியாதையோடு மேடையில் பேசச் சொல்வோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தவறாமல் வாங்க.