வீட்டுக் கணக்கு: சம்பளத்தில் பிடித்த வரி திரும்பி வருமா?

கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். மகன் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாதச் சம்பளம் 4,300 வெள்ளி. கணவருக்கு இரத்த சுத்திகரிப்பு நடக்கிறது. அதற்கு மகன் மாதம் 300 வெள்ளி கட்டுகிறான். "சம்பளச் சீட்டில் பிசிபி என்று மாதம் 68 வெள்ளி பிடிக்கிறார்கள் ஐயா. அது எங்கே போகிறது? 'அதைப் பற்றி நீ கவலைப்படாதே, பாரம் ஒன்றும் அனுப்ப வேண்டியதில்லை என்று கூட்டாளிகள் சொன்னார்கள்' என்கிறான் மகன். நிஜமா?" என்று கேட்கிறார்.

பாதி நிஜம், அம்மா. அந்தப் பாதிதான் உங்கள் வீட்டுக்கு நஷ்டம்.

பிசிபி என்பது மாதாந்திர வரிப் பிடித்தம். முதலாளி சம்பளத்திலேயே பிடித்து வருமான வரி வாரியத்துக்குக் கட்டிவிடுகிறார். ஆண்டு முழுக்க ஒரே முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை செய்து, பிடித்தமும் முறைப்படி நடந்திருந்தால், அதையே முடிந்த வரியாக வைத்துக்கொண்டு பாரம் அனுப்பாமல் இருக்க 2014-ஆம் வரி ஆண்டிலிருந்து சட்டம் இடம் தருகிறது. கூட்டாளிகள் சொன்னது இதைத்தான். ஆனால் அப்பாவின் வைத்தியச் செலவு முதலாளியின் கணக்குக்கு எப்படித் தெரியும்? மகன் சொன்னால்தானே தெரியும்!

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 51,600. சொந்தக் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000. சிறு கழிவுகளை விட்டுவிட்டால் வரிக்குரிய வருமானம் 38,600 வெள்ளி. முதல் 5,000-க்கு வரி இல்லை. அடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 1 வீதம் 150. அதற்கடுத்த 15,000-க்கு நூற்றுக்கு 3 வீதம் 450. மிச்சம் 3,600-க்கு நூற்றுக்கு 6 வீதம் 216. மொத்தம் 816 வெள்ளி. பன்னிரண்டால் வகுத்தால் அதே 68.

இப்போது அப்பாவின் சிகிச்சைச் செலவு 3,600-ஐச் சேருங்கள். பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. வரிக்குரிய வருமானம் 35,000-க்கு இறங்குகிறது, வரி 600. அதோடு நிற்கவில்லை. 35,000-க்கு மேற்போகாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடியும் இருக்கிறது. ஆக, கட்ட வேண்டியது 200, கட்டியது 816. பாரம் அனுப்பினால் 616 வெள்ளி மகனின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். இரண்டு மாத சிகிச்சைப் பணம்! அனுப்பாவிட்டால் யாரும் வீடு தேடி வந்து கொடுக்கப் போவதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் எத்தனை பேர் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? கிராணியின் செக்ரோலில் ஒரு நாள் குறைந்தால், சம்பளத்தன்று காலண்டரோடு ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கணக்கைத் தாமே வைத்திருந்தார். இப்போது படித்த பிள்ளைகள் அந்தக் கோட்டைப் போடுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கணினிதான் மிரட்டுகிறதோ என்னவோ. தனிநபர்கள் தம் வரியைத் தாமே கணக்கிடும் முறை 2004-ல் வந்தது. மின்வழியில் பாரம் அனுப்பும் வசதி 2006-ல் வந்தது. ஜனங்கள் ஒரு புதிய இயந்திரத்தை ஏன் ஏற்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்று ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் ஒரு கட்டுரை எழுதினார். "இதனால் எனக்குப் பயன் உண்டா, இது எனக்குச் சுலபமாக வருமா" என்ற இரண்டு எண்ணங்கள்தான் தீர்மானிக்கின்றன என்றார். நம் நாட்டில் மின்வழி வரிப் பாரத்தை ஆராய்ந்தவர்களும் அந்த அளவுகோலைக் கையிலெடுத்து, அதோடு பயத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். என் விவரம் யார் கைக்குப் போகும், தப்பாக அழுத்தினால் என்ன ஆகும் என்ற பயம்.

அந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். "கடவுச்சொல்லைக் கொடு தம்பி, திரும்பி வருவதில் பாதி எனக்கு" என்பார்கள். வாங்காத புத்தகத்துக்கும் போகாத ஆஸ்பத்திரிக்கும் கழிவு எழுதிவிடுவார்கள். பணம் வரும், பங்கும் போகும். பிறகு வாரியம் ரசீது கேட்கும்போது அந்த ஆள் இருக்கமாட்டார். பாரத்தில் இருப்பது உங்கள் மகன் பெயர், பொறுப்பும் அவனுடையது. குறைத்துக் காட்டிய வரியைக் கட்டுவதோடு, அதற்குச் சமமான தொகை வரை அபராதமும் விழலாம். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்க வேண்டாம். வாரியத்தின் கிளை அலுவலகத்துக்கு அடையாள அட்டை, கைப்பேசி, ஈஏ பாரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் காசில்லாமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருமுறை பார்த்துக்கொண்டால் அடுத்த வருடம் வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.

ஈஏ பாரத்தை முதலாளி பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். சம்பளக்காரர்களுக்கு மின்வழியில் அனுப்பக் கடைசி நாள் வழக்கமாக மே 15.

ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். இதை மகனிடம் விடாதீர்கள் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய மைலோ டின் போதும். ஒன்று மட்டும்: கிளினிக்கில் தரும் வழவழப்பான தாளில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே மகனைக் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு மருத்துவரின் சான்றும் ஒன்று வாங்கி அதே டின்னில் போட்டு வையுங்கள்.