வலி நின்ற பின்னும் பொறுத்திருத்தல்

கபடிக் களத்தில் முழங்கால் திருகி விழுந்த மாணவர் ஒருவர், அறுவை மருத்துவம் முடிந்த மூன்றாம் மாதம் என்னிடம் வந்தார். "ஐயா, இப்போது வலியே இல்லை. நடக்கிறேன், படியேறுகிறேன். இன்னும் ஆறு மாதம் ஆடக் கூடாது என்கிறார்களே, இது என்ன நியாயம்?" என்று கேட்டார். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினா அன்று இது. ஆயினும், உடற்கல்வி ஆசிரியரிடம் சென்றால் 'பொறு' என்பார். வீட்டில் சொன்னால் 'விளையாட்டையே விட்டுவிடு' என்பார்கள். இரண்டுக்கும் அஞ்சியே என்னிடம் வந்திருக்கிறார். அன்று என்னால் சரியான விடை கூற இயலவில்லை. பின்னர் படித்தும் மருத்துவ நண்பர்களைக் கேட்டும் அறிந்ததை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

முழங்காலின் நடுவே தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார் ஒன்று உண்டு. நம் பக்கத்துப் பேச்சில் 'ஜவ்வு' என்போம். பாடிச் செல்பவர் காலை ஊன்றிச் சட்டெனத் திரும்புகையில் அது அறுகிறது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியுமேயன்றி இந்நார் தெரியாது. 'எலும்பு முறியவில்லை' என்ற ஒரு சொல்லை நம்பி, எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, வீக்கம் வடிந்ததும் பொங்கல் போட்டியில் இறங்கியோர் நம் வட்டாரத்துச் சிற்றூர்களில் உண்டு. இரண்டாம் முறை விழும்போது மூட்டின் குருத்தெலும்பும் சேர்ந்து கிழிகிறது.

அறுந்த நாருக்கு மாற்றாக, அவருடைய உடம்பிலிருந்தே, பெரும்பாலும் தொடையின் பின்புறத்திலிருந்து, நாண் எடுத்துப் பொருத்துகிறார்கள். ஒட்டு மாங்கன்று கட்டுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பொருத்திய அந்த நாண் முதற் சில வாரங்களில் வலுப்பெறுவதற்கு மாறாக வலு குன்றுகிறது. அதன் பின்னரே புதிய குருதிக் குழாய்கள் அதனுள் படர்ந்து, பல மாதங்களில் அது உறுதியடைகிறது. வலியும் வீக்கமும் நீங்கி, 'எல்லாம் சரியாயிற்று' என்று உள்ளம் துள்ளுகின்ற அந்த மூன்றாம் மாதத்தில் உள்ளே இருக்கும் நார் இன்னும் மெலிந்தே கிடக்கிறது. ஒன்பது மாதத்திற்கு முன்பே களம் புகுந்தோர்க்கு மறுகாயம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மாணவர் கேட்ட நியாயம் இதுவே.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த தங்கராசு நடராஜனை இங்கு நினைத்துப் பார்க்கிறேன். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலிய மண்ணில், ஒரே பயணத்தில் மூவகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையில் முழங்கால் தொல்லை கொடுத்தது. 2021 ஐ.பி.எல். தொடரில் இரண்டே ஆட்டங்கள் ஆடினார். ஏப்ரலில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். மாதக்கணக்கில் பயிற்சி செய்து செப்டம்பரில் திரும்பியபோது கொரோனா தொற்று அவரை மீண்டும் அறைக்குள் அடைத்தது. இதைக் காட்டிலும் ஒருவரின் பொறுமையைச் சோதிக்க வேறென்ன வேண்டும்? 2022 ஐ.பி.எல். தொடரில் 11 ஆட்டங்களில் 18 விக்கெட்டுகளும், 2024இல் 19 விக்கெட்டுகளும் எடுத்தார். ஆனால் அந்த ஆண்டுகளில் இந்திய அணியின் அழைப்பு வரவில்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறுத்திருந்தால் இழந்தது அனைத்தும் திரும்பும் என்று இளைஞர்களிடம் கூறுவது பொய். பொறுமை காலைத் திருப்பித் தரும். வாய்ப்பைத் தருவது பிறர் கையில் இருக்கிறது.

பொறுமை என்றால் கட்டிலில் கிடத்தல் என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் ஆயக்கட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தன் முறைக்குக் காத்திருக்கும் உடுமலை உழவர் சும்மாவா இருக்கிறார்? வாய்க்கால் தூர்வாருகிறார், வரப்பு அணைக்கிறார். அறுவைக்குப் பின் தொடைத்தசை விரைவில் சூம்பிவிடுகிறது. அதனை மீட்க நாள்தோறும் செய்யும் பயிற்சி, பந்தயத்தைப் போல் கைதட்டல் பெறுவதன்று, எவரும் பார்ப்பதுமில்லை. சலிப்பூட்டும் இந்த வேலையே உண்மையில் கடினமான ஆட்டம் என்பது என் கருத்து.

பெரியோரிடமும் கல்லூரிகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர், ஆடாவிட்டால் கட்டணச் சலுகையும் அணியில் இடமும் போய்விடுமோ என்று அஞ்சியே குணமாகாத காலோடு இறங்குகிறார். அந்த அச்சத்தைக் களையாமல் அவருக்குப் பொறுமையைப் பற்றி அறிவுரை கூறுவதில் என்ன பயன்? ஓராண்டு அவருடைய பெயர் அணிப் பட்டியலில் இருக்கட்டும். புள்ளி குறிக்கும் பணியையேனும் தந்து களத்தின் ஓரத்தில் அமர்த்தலாம். மகன் கால் ஒடிந்து வந்தான் என்று பந்தயக் காலணியைத் தூக்கி எறியும் பெற்றோரும் சற்று ஆற வேண்டும்.

அம்மாணவர்க்கு இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. மாலையில் வகுப்பு முடிந்து செல்கையில், மைதானத்து வேப்பமரத்தடியில் ஒற்றைக் காலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதைக் காண்கிறேன். என்னைக் கண்டால் விரல்களை விரித்து, இன்னும் மூன்று என்று காட்டுகிறார்.