மாசக் கடைசியில் மிச்சம் எவ்வளவு?

"மாசம் பன்னிரண்டாயிரம் வருது, அரசாங்கம் வேற பேங்க்ல காசு போடுது, இன்னும் என்ன கஷ்டம்?" மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டில் இருப்பவர்கள். சரி, கணக்கையே போட்டுவிடுவோம்.

பன்னிரண்டாயிரம் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாளும் கூலி வெட்டாத நல்ல மாதம். பி.எஃப். 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, 90 ரூபாய். கைக்கு வருவது 10,470. (பிடித்த பணத்தை ஒப்பந்தக்காரர் கட்டினாரா என்பது தனிக்கதை.) ஒற்றை அறை, பொதுக் கழிவறை, வாடகை 3,500 என்று குறைத்தே போடுகிறோம். கரண்டுக்கு 500. அரசு அறிவிக்கும் முதல் நூறு யூனிட் சலுகை விலை மீட்டர் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குடியிருப்பவர் துணை மீட்டரைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்ன விலையைக் கொடுக்கிறார். மானியம் போக கேஸ் 600. போன் ரீசார்ஜ் 300. பிள்ளைகளுக்கு பஸ், நோட்டு, பேனா என்று 570.

மிச்சம் 5,000. நான்கு பேர், முப்பது நாள். ஆளுக்கு நாளைக்கு 42 ரூபாய்கூடத் தேறவில்லை. மூன்று வேளைச் சோறு, சோப்பு, துணி, காய்ச்சல் மாத்திரை, ஊரில் ஒரு சாவு, ஒரு சடங்கு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். எதையாவது நாங்கள் கூட்டிப் போட்டிருந்தால் சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறோம்.

இது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் குழுக் கடன், அதனால்தான் தண்டல். ரிசர்வ் வங்கி 2022இல் நுண்கடனுக்கு ஒரு விதி வகுத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கடன் கொடுக்கலாம். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஏழைகளைக் காப்பாற்ற வந்த விதி என்று இதைப் பாராட்டி எழுதினார்கள். மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாயிரத்தில் பாதி 6,000. மிச்சமோ 5,000. மிச்சத்தைவிட அதிகமான தவணையைச் சட்டப்படியே வசூலிக்கலாம் என்று ஆகிறது. வாரத் தவணைக்காரர் தெருமுனையில் பைக்கை நிறுத்தும்போது ஏன் கதவுகள் சாத்தப்படுகின்றன என்று இனி யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். விதி எழுதியவர்கள் வருமானத்தைப் பார்த்தார்கள். வாடகை கொடுத்த பிறகு என்ன இருக்கும் என்று பார்க்கவில்லை.

அரிசிக் கதையும் இப்படித்தான். 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் உணவு மானியத்தைப் பணமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு மாநில அரசின் இலவச அரிசியும் பணமானது. அரிசியாகவே கொடுக்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி நீதிமன்றம் போனார். துணைநிலை ஆளுநர் கிரண்பேடியின் முடிவே செல்லும் என்று 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பானது. சிவப்பு அட்டைக்கு 20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவுக்குப் பதில் 300. கிலோ முப்பது ரூபாய்! கடைக்காரர் கிலோ 50 சொன்னால் அந்த 600 ரூபாய்க்கு 12 கிலோ வரும். மற்ற 8 கிலோ எங்கே போனது? யாரும் திருடவில்லை, விலையேற்றம் தின்றுவிட்டது. அரிசி அரிசியாக வந்திருந்தால் விலை ஏறினாலும் 20 கிலோ 20 கிலோதான். 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகளை மறுபடி திறந்தபோது அரசு விழா எடுத்தது. மூடியவர்களில் எவரும் இத்தனை வருடம் குடும்பங்கள் இழந்த கிலோக்களுக்குக் கணக்குச் சொல்லவில்லை.

"இதில் சாதி எங்கே வந்தது, எல்லா ஏழைக்கும் இதுதானே" என்று நம் இடதுசாரித் தோழர்களே கேட்பார்கள். ஒன்றிய அரசின் 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. நகர்ப்புறத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் சராசரி மாதச் செலவு 5,307 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத 'இதரர்' பிரிவில் 7,333. தலைக்கு 2,026 ரூபாய் வித்தியாசம். நான்கு பேர் குடும்பத்துக்கு மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். அதுவும் இது செலவுக் கணக்கு. கடன் வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினாலும் அந்தக் குடும்பம் செலவில் உயர்ந்ததாகத்தான் தெரியும்.

புதுச்சேரியில் இதற்கு மேல் இன்னொரு வெட்டும் உண்டு. 1964ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளில் இந்த மண்ணில் குடியிருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும்தான் இங்கே பட்டியல் சாதி. எல்லைக்கு அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டக் கிராமத்திலிருந்து பிறகு பிழைக்க வந்த பறையர் 'குடிபெயர்ந்தவர்'. 2014இல் உச்ச நீதிமன்றமும் அந்த வரையறையையே உறுதி செய்தது. வாடகைக்கு வீடு கேட்கும்போது சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கல்விச் சலுகைக்கும் வீட்டுத் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கும்போது மட்டும் சாதி எல்லைக்கோட்டில் உதிர்ந்துவிடுகிறது. ஒரே ஆலை, ஒரே ஷிப்ட், ஒரே கூலி. ஒரு வீட்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை அரசு தாங்குகிறது. பக்கத்து வீட்டில் அது அந்த ஐயாயிரத்துக்குள் வந்து உட்கார்கிறது.

பூர்வீகம், குடிபெயர்ந்தோர் என்று நாமே இரண்டாக நின்று சண்டை போடுவது யாருக்கு லாபம் என்று ரெண்டு தரப்புத் தலைவர்களும் யோசிக்கட்டும்.

கூலிக்கு வருவோம். 1936 ஜூலை 30இல் சவானா ஆலை வாசலில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்த ஊர் இது. ஏ.எஃப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30உடன் மூடிவிட்டு, நிரந்தர வேலை என்றால் என்ன என்று கேட்கும் ஒரு தலைமுறையைப் பேட்டைக்கு அனுப்பியிருக்கிறோம். 1946இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர்தான் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு உணவு, துணி, வாடகை, எரிபொருள் என்று கூலிக்கு ஒரு கணக்கு வகுத்தது. ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்காக அதில் 25 விழுக்காட்டைச் சேர்த்தது.

அம்பேத்கர் தொடங்கிவைத்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் கூலிச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்காக ஒன்றிய அரசு 2020இல் வெளியிட்ட வரைவு விதிகளில் வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் தெரியுமா? உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 விழுக்காடு. சோற்றுக்கும் துணிக்கும் 8,000 என்றால் வாடகை 800 ரூபாய்.

மேட்டுப்பாளையத்தில் 800 ரூபாய்க்கு ஒரு வீடு காட்டுங்கள். வீடு வேண்டாம், இரண்டு பேர் படுக்க ஒரு திண்ணை காட்டுங்கள். புதுச்சேரியில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது அந்த 10 விழுக்காட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டக் கூடாது என்கிறோம். தொழிலாளர் துறை பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுவீடாகப் போய் வாடகை ரசீதைக் கேட்கட்டும். ரசீது கிடைக்காது, யாரும் கொடுப்பதில்லை. வாயால் சொல்வார்கள், எழுதிக்கொள்ளட்டும்.