சக்கரம் சுற்றும் பெண்

தீபாவளிக்குச் சங்குசக்கரம் கொளுத்தாத வீடு உண்டா? காகிதக் குழாயில் மருந்தை அடைத்து, வட்டமாகச் சுருட்டி, சிவகாசியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். திரியில் நெருப்பு வைத்ததும் பொறி ஒரு பக்கம் சீறுகிறது. சக்கரம் மறுபக்கம் சுற்றுகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர்கள் கைபட்ட சக்கரங்கள்தாமே ஊரெங்கும் சுற்றுகின்றன!

மருந்தும் நெருப்பும் இல்லாமல் மனித உடம்பே அப்படிச் சுற்றினால்? 'பிரேக் டான்ஸ்' ஆட்டத்தில் 'விண்ட்மில்' என்று ஒரு வித்தை இருக்கிறது. காற்றாலை என்று அர்த்தம். நம் ஊரில் பிறந்திருந்தால் 'சங்குசக்கரம்' என்றே பெயர் வைத்திருப்போம்.

ஆடுபவர் ஒரு முழங்கையை வயிற்றோரம் கொடுத்துக் கையைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதில் தாங்குகிறார். பிறகு தோளில் சரிந்து, மேல்முதுகால் உருண்டு, மறு தோளுக்கு வந்து, குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுகிறார். உடனே அடுத்த சுற்று! இவ்வளவு நேரமும் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல்போல் விரிந்து வட்டமிடுகின்றன. இடுப்பு தரையில் பட்டதோ, நமுத்த சக்கரம்போல் ஆட்டம் நின்றுவிடும். இங்கே மருந்து கைப்பலம் அல்ல, கால்வீச்சுதான்.

இது கைவந்தபின் தினுசு தினுசாகச் சுற்றலாம். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டால் 'மம்மி'. முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டால் 'கைவிலங்கு'. அண்டாவைக் கட்டிப்பிடிப்பதுபோல் முன்னால் வளைத்துக்கொண்டால் 'பீப்பாய்'. கால்களை மடக்கிச் சுருக்கிக்கொண்டால் சுற்றும் வேகம் கூடிவிடும்.

பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1983-ல் வந்த 'ஃபிளாஷ்டான்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தின் முடிவில் கதாநாயகி முதுகால் பம்பரமாகச் சுழல்கிறாள். உண்மையில் சுழன்றவர் பெண்ணே அல்ல! நியூயார்க்கின் 'கிரேஸி லெக்ஸ்' என்ற ஆட்டக்கார வாலிபர், பெண் சிகை வைத்துக்கொண்டு சுழன்றார்.

2024 ஆகஸ்ட் 9 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டத்தின் முதல் தங்கப் பதக்கத்தை வாங்கியவர் ஒரு பெண்! ஜப்பானின் அமி யுவாசா. அக்காள் ஆடுவதைப் பார்த்து ஆட வந்தவர். வெள்ளி வாங்கிய லிதுவேனியாப் பெண் நிக்காவுக்கு வயது 17தான். சிகை வைத்துக்கொண்டு இவர்களுக்காக யாரும் சுழல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தையும் கூடத்தில் இப்படி உருண்டால் பதறாதீர்கள். ஆனால் ஜாக்கிரதை தேவை. வெறும் சிமெண்டுத் தரை வேண்டாம்; கனத்த விரிப்புப் போடுங்கள். பின்னலை முடிந்துவிடுங்கள். தெரிந்தவரிடம் கற்கட்டும். தலையை ஊன்றிச் சுற்றும் வித்தைக்கு அவசரமே வேண்டாம், கழுத்துக்கு அபாயம். ஏறக்குறைய 20 வருஷம் தலையால் சுற்றிய ஒருவருக்கு உச்சந்தலையில் புடைத்த கட்டியைச் சத்திரசிகிச்சை செய்து அகற்றியதாக டென்மார்க் வைத்தியர்கள் 2024-ல் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. மகன் சுற்றினால் "கெட்டிக்காரன்!" என்கிறோம். மகள் சுற்றினால் "பெண்பிள்ளைக்கு இதென்ன குதியாட்டம்?" என்கிறோம். விரிப்பைப் போடும்போது இருவருக்கும் சேர்த்தே போடுங்களேன்!